மூன்று அங்குலக் காற்று

போன வாரம் திருப்பதியில் ஒரு காரின் கோளாறைச் சரி செய்தேன். அதற்காக இரண்டு பேரிடம் திட்டு வாங்கினேன்.

காரின் சொந்தக்காரர் முனிரத்தினம். நகரிப் பக்கம் கரும்பு போட்டவர். கிணறு வற்றியதும் டாக்ஸிக்காரர் ஆனவர். அவருடைய பழைய டீசல் கார் திருமலை ஏறுவதற்குள் பக்தர்களின் பாதிப் பாவம் வழியிலேயே கழிந்துவிடும்.

திருச்சானூர் லாட்ஜ் மேனேஜர் ஒருவர் சொல்லியிருந்தார்: ஒருமுறை ஏறிக் காட்டு, பிடித்தால் எங்கள் யாத்ரீகர்கள் எல்லோரும் உனக்கு. பிடிக்காவிட்டால்? காரை விற்க வேண்டியதுதான்.

மெட்ராஸில் உடைத்துப் போட்ட வெளிநாட்டுக் காரிலிருந்து டர்போ வாங்கி வந்தார் முனிரத்தினம். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் விசிறி அது. திணித்தால் காற்று சுடும். அதை ஆற்றிக் கொடுக்க ஓர் இன்டர்கூலர். இரண்டும் வந்தன. அவற்றை எஞ்சினோடு இணைக்கும் பைப் மட்டும் வரவில்லை.

எத்தனை அங்குலத்தில் போடுவது? பக்கத்து வீட்டுக்காரனான என்னைக் கேட்டார். நான் எட்டாம் வகுப்பு. ஆனால் கோவையில் ஒரு பம்ப்செட் பட்டறையில், அங்கேயே சாக்கில் படுத்துக்கொண்டு, ஆறு மாதம் வேலை பார்த்தவன். இஞ்சினியர் ஆக இது போதாதா?

"ரெண்டு அங்குலம் போதும்னு மெக்கானிக் சொல்றாருண்ணா."

"உன் கெணத்துல எத்தினி அங்குலம்?"

"மூணு."

"தண்ணிக்கே மூணு. எஞ்சினுக்கு ரெண்டா?"

"அட, ஆமாண்ணா! அந்தப் பைப்பு வூட்ல சும்மாதான் கெடக்குது!"

கிணற்றுப் பைப்பை அறுத்து, வெல்டிங் வைத்து, காரில் மாட்டினோம்.

வெள்ளோட்டம். முன்சீட்டில் மேனேஜர். பின்சீட்டில் நான்கு யாத்ரீகர்களோடு நெருக்கிக்கொண்டு நான். முதல் கொண்டை ஊசி வளைவு. முனிரத்தினம் ஆக்ஸிலரேட்டரை மிதித்தார்... கார் முனகியது. அவ்வளவுதான். அத்தனை பெரிய பைப் நிரம்பிய பிறகுதானே எஞ்சினுக்குக் காற்று?

"ஏமய்யா, நின்னுபூடுமா?" என்றார் மேனேஜர்.

"வருது சார்... வந்துகினே இருக்குது!"

பின்சீட்டில் ஒருவர் பயத்தில் கத்தினார் - "கோவிந்தா!" மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். "கோவிந்தா! கோவிந்தா!"

அந்த நேரம் பார்த்துக் காற்று வந்து சேர்ந்தது. கார் பாய்ந்தது.

அடுத்த வளைவு. மிதி... முனகல்... கோவிந்தா... பாய்ச்சல். எல்லா வளைவுகளிலும் இதே கதை.

மேலே போய் இறங்கியதும் மேனேஜர் பானெட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "இது சாமி வண்டியய்யா! கூப்பிட்டாத்தான் ஏறுது!"

யாத்ரீகர்கள் குவிந்தார்கள். எனக்குத்தான் உதறல். முனகும் நேரத்தில் பின்னால் ஒரு பஸ் முட்டினால்? தப்பு என்னுடையது. முனிரத்தினத்திடம் கெஞ்சி, போன வாரம் இரண்டு அங்குலப் பைப்பை மாட்டினேன்.

கார் சமர்த்தாக ஏறியது. முனகல் இல்லை, பாய்ச்சல் இல்லை. கோவிந்தா சொல்ல யாருக்கும் தோன்றவும் இல்லை.

மறுநாளே மேனேஜர் வந்துவிட்டார். "வண்டியை என்னய்யா பண்ணீங்க? சாதாரண கார்னு எல்லாரும் சொல்றாங்க. சரி பண்ணலேன்னா வேற வண்டி பாத்துக்கறேன்."

"உன் பேச்சக் கேட்டு வந்த பொழப்பு உன் பேச்சக் கேட்டே போச்சுண்ணா," என்றார் முனிரத்தினம்.

மூன்றங்குலம் மறுபடி வேண்டாம் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். அவரும் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். இப்போது பின்னால் வண்டி வராத வளைவாகப் பார்த்து, ஆக்ஸிலரேட்டரில் காலைக் கொஞ்சம் தளர்த்திவிட்டுக் காத்திருக்கிறார். பின்சீட்டில் கோவிந்தா குரல் எழும்பியதும் மிதிக்கிறார்.

மெக்கானிக் சொன்னது சரிதான், இரண்டு அங்குலம் போதும். மீதி ஓர் அங்குலத்தைப் பயணிகளே கொண்டுவருகிறார்கள்!