ஐந்து பிளக்கும் ஒரு சுவிட்சும்

மானிட்டர் அணையும்போது ‘டுப்’பென்று ஒரு சத்தம் வரும். உடனே திரையருகே கையைக் கொண்டுபோனால், முன்கை மயிரெல்லாம் எழுந்து நிற்கும்.

கல்மண்டபம் ஏரியாவில் வீடு. செகண்ட் ஹேண்டில் வாங்கிய கம்ப்யூட்டர். சிபியு, மானிட்டர், ஸ்பீக்கர், பிரிண்டர், மோடம்... ஐந்து பிளக். மேசையைத் துடைப்பதற்கு முன் அம்மா ஐந்தையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போடுவாள். மீன் விற்றுவிட்டு வருகிற கை. எப்போதும் ஈரம்.

எனக்கு எரிச்சல். திரும்பச் செருக நான்தான் மேசைக்கடியில் நுழைய வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, ஒரு பலகையில் ஐந்து சாக்கெட் பதித்தேன். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சுவிட்ச். வீட்டில் மிச்சம் கிடந்த வயர்; இரண்டு இழையும் கறுப்பு. தட்டிப் பார்த்தேன். ஐந்தும் அணைந்தன. டெஸ்டர் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

“இனிமே இத்த மட்டும் ஆஃப் பண்ணா போதும்மா.”

“நெஜமாவா நைனா? ஷாக் கீக் அட்ச்சி நான் பூட்டேன்னா, மீன் கூடைய நீதான் தூக்கணும்.”

சிரித்தோம்.

மறுநாள் காலை. அம்மா சுவிட்சை அணைத்தாள். மானிட்டர் டுப்பென்றது. ஈரத்துணியால் பலகையைத் துடைத்தாள். ஓரத்தில் நான் டேப் சுற்றாமல் விட்ட இடம்...

கத்தவில்லை. வாய் மட்டும் திறந்திருந்தது. சுவரில் போய் மோதி விழுந்தாள்.

நான் சுவிட்சைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மாவை அல்ல, சுவிட்சை.

அது அணைந்துதான் இருந்தது.

பக்கத்துப் போர்ஷன் தாஸ் அண்ணன் ஓடிவந்தார். எலக்ட்ரீஷியன். அம்மாவைத் தூக்கி உட்கார வைத்தார். மூச்சு வந்தது. பிறகு பலகையில் டெஸ்டரை வைத்தார். டெஸ்டரின் விளக்கு எரிந்தது.

“இன்னாடா பண்ணி வச்சிகீற? கரண்ட்டு வர்ற வயர வுட்டுட்டு, திரும்பிப் போற வயர்ல சுவிட்ச போட்டுகீற. அணைஞ்சா மாதிரி கீது. கரண்ட்டு அப்படியே உள்ள நிக்குதுடா!”

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“அவன இன்னாத்துக்குத் திட்ற தாசு... கரீட்டாத்தான் அணைஞ்சிச்சி.”

என்னை அடித்திருக்கலாம் அவள்.

இப்போது என் மேசையில் லேப்டாப். ஒரே ஒரு பிளக். திரை அணையும்போது சத்தமே வருவதில்லை.

அம்மா இன்றும் துடைக்க வருவாள். சுவிட்சை அணைப்பாள், பிளக்கைப் பிடுங்குவாள். பிறகு, நான் வேறு பக்கம் திரும்புகிற வரைக்கும் காத்திருந்து... புறங்கையால் லேப்டாப்பை ஒருமுறை தொட்டுப் பார்ப்பாள்.