வெட்கத்தை ஏர்போர்ட்டில் விட்டவர்

வங்கிக்குள் நுழைந்ததும் அம்மையப்பன் டோக்கன் எடுப்பதில்லை. நேராகத் தண்ணீர் மெஷினுக்குப் போய்க் காகிதக் கோப்பையில் பிடித்துப் பிடித்து இரண்டு முறை குடிப்பார். மூன்றாவது கோப்பையை, யாருடைய காசுக்காக வந்திருக்கிறாரோ அவரிடம் நீட்டுவார். "குடி மாப்ள. இதுவும் ஒன் காசுதான். தொண்ட நனஞ்சாத்தான் சத்தம் வரும்" என்பார். அதற்குப் பிறகு வரும் சத்தத்தை துபாயின் அல் கூஸ் வட்டாரத்தில் இரண்டு மூன்று வங்கிகளாவது மறந்திருக்காது.

சிவகங்கைப் பக்கத்துக்காரர். எங்கள் கம்பெனியின் லேபர் பஸ்ஸை ஓட்டுகிறார். ஆள் குள்ளம் என்பதால் டிரைவர் சீட்டில் ஒரு தலையணையைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருப்பார். நான் தொழிலாளர்கள் தங்கும் கேம்ப்பில் டைம் கீப்பர். விடியும் முன்னே வாசலில் மேஜை போட்டு, பதிவேட்டில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்குவது என் வேலை. அம்மையப்பனின் கையெழுத்து எனக்குத் தினசரித் தலைவலி. பெயரை எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்து, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி வைப்பார். அந்தக் கோடு அடுத்தவர் கட்டத்துக்குள் போய்த்தான் நிற்கும். "பத்தாங்கிளாஸ் ஃபெயிலு சார் நானு. ஸ்கூல்ல உருப்படியாக் கத்துக்கிட்டது இது ஒண்ணுதான். அதையும் குறுக்கச் சொன்னா எப்புடி?" என்று கேட்பார். நானும் சொல்லிச் சொல்லி விட்டுவிட்டேன்.

இங்கே மளிகைக் கடைகளில் கால் திர்ஹம் சில்லறை இல்லாவிட்டால் ஒரு சூயிங்கத்தைக் கையில் வைத்து அனுப்பிவிடுவார்கள். எல்லோரும் மென்றுகொண்டு போய்விடுவோம். அம்மையப்பன் மெல்லமாட்டார், சேர்த்து வைப்பார். ஒருநாள் பை நிறையக் கொண்டுபோய்க் கல்லாவில் கொட்டிவிட்டு, "பாய், இதுக்கு மூணு சமோசா குடு" என்றார். கடைக்காரர் கௌஸ் முகம்மது முறைத்தார். "நீ குடுத்தா காசு, நான் குடுத்தா முட்டாயா? அச்சா பாய், நியாயத்தச் சொல்லு." மூன்று சமோசா வந்தது. அதில் ஒன்றை எனக்குக் கொடுத்தார். பின்னால் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, அதைத் தின்பதற்கு எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

"ஒங்களுக்கு வெட்கமா இல்லையா?" என்று கேட்டேன்.

"லக்கேஜ் ஓவராயிருச்சுன்னாய்ங்க சார். அத மட்டும் எடுத்து ஏர்போர்ட்லயே வச்சுட்டு வந்துட்டேன்."

அந்த வெட்கமின்மையைக் கேம்ப்புக்கே இரவல் கொடுத்துவந்தார். கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லையென்று மாதா மாதம் பிடித்த பணம், ஊருக்குப் போய்ச் சேராத டிராஃப்டுக்குப் போட்ட கமிஷன், எதுவானாலும் ஆளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். கவுண்டர் முன்னால் அவருடைய சந்தை இந்தியில் ஆரம்பிப்பார். முடியாவிட்டால் அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தால்தான் எழுந்திருப்பார்.

அவருடைய அறைத்தோழர் கார்மேகம் நேர் எதிர். மானாமதுரைக்காரர், ஷட்டரிங் கார்பென்டர், வாயைத் திறந்து பேசுவதே அபூர்வம். ஆனால் சட்டைப் பையில் எப்போதும் ஒரு பேனா இருக்கும், வேலை உடுப்பிலும் இருக்கும். வெள்ளிக்கிழமைகளில் யாராவது வாங்கிவரும் தமிழ்ப் பேப்பரை விரித்து நெடுநேரம் பார்ப்பார். யாருக்குப் பேனா வேண்டுமென்றாலும் அவரிடம்தான் கேட்பார்கள். கேம்ப்பில் அவருக்கு 'வாத்தியார்' என்று பெயர்.

2007இல், கேம்ப் வாசலுக்கு வந்த ஏஜென்ட் ஒருவன், கிரெடிட் கார்டு வாங்கினால் டிராவல் பேக் இலவசம் என்றான். கார்மேகம் கையெழுத்துப் போட்டுப் பையை வாங்கிக்கொண்டார். கார்டு வந்த கவரைப் பிரிக்கவேயில்லை. வங்கியிலிருந்து வந்த கடிதங்களை மெத்தைக்கடியில் வைத்துவிட்டார். ஆண்டுக் கட்டணம், கேட்காத இன்சூரன்ஸ், கட்டாததற்கு அபராதம், அபராதத்துக்கு வட்டி என்று எல்லாம் சேர்ந்து, ஒரு மாதம் அவருடைய சம்பளத்தை மொத்தமாகப் பிடித்துக்கொண்டார்கள். மகள் சந்தியாவின் நர்சிங் காலேஜுக்கு அந்த வாரம் ஃபீஸ் கட்டியாக வேண்டும். கட்டாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்கள்.

"நீங்களும் வாங்க சார். ஒண்ணும் பேச வேணாம். டை கட்டுன ஆளு ஒருத்தர் பக்கத்துல நின்னா வாட்ச்மேன் வெளிய தள்ளமாட்டான்" என்று என்னையும் கூட்டிப் போனார் அம்மையப்பன்.

தண்ணீர் குடித்தாயிற்று, சத்தமும் ஆரம்பித்தாயிற்று. அதிகாரியம்மாள் மும்பைப் பக்கத்துப் பெண், பொறுமைசாலி. அம்மையப்பன் கத்தக் கத்த அவர் குரலை உயர்த்தவேயில்லை. நான் மெல்ல நகர்ந்து, வீட்டுக்கடன் விளம்பரம் ஒன்றைப் படிப்பதுபோல் நின்றுகொண்டேன். இந்தக் கூட்டத்தோடு வந்தவன் இல்லை என்று காட்டிக்கொள்ளத்தான். வரிசையில் எங்கள் கேம்ப் ஆட்களே நாலு பேர் ஊருக்குப் பணம் அனுப்ப நின்றிருந்தார்கள்.

அந்தப் பெண் விண்ணப்பத்தை எடுத்துத் திருப்பிக் காட்டினார். "கையெழுத்து இவருடையதுதானே? படித்துப் பார்த்துத்தானே போட்டார்?" என்று இந்தியில் கேட்டார். கார்மேகம் தலையாட்டினார். அம்மையப்பன் தரையில் உட்கார்ந்து பார்த்தார். அந்தப் பெண் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார். முதல் முறையாக அம்மையப்பன் தோற்கப்போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். துள்ளி எழுந்தார்.

"இஸ்கோ பட்னா மாலூம் நை மேடம்! படிக்கவே தெரியாது இவனுக்கு! எழுத்து ஒண்ணுகூடத் தெரியாது! எதப் படிச்சுப் பார்க்கச் சொல்றீங்க?"

வரிசையே திரும்பிப் பார்த்தது. இந்தி அங்கே எல்லோருக்கும் புரியும். எங்கள் ஆட்களில் ஒருவன், "வாத்தியாரா? கைநாட்டா?" என்று பக்கத்தில் இருந்தவனிடம் கேட்டது எனக்கே கேட்டது. கார்மேகம் கையிலிருந்த காகிதக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரியம்மாளின் முகம் மாறியது. படிக்கத் தெரியாதவரிடம் சாட்சியில்லாமல் கையெழுத்து வாங்கியது ஏஜென்ட் செய்த தப்பு என்றார். மேனேஜரிடம் போய்வந்தார். பிடித்த பணம் முழுவதையும் அன்றே கணக்கில் திரும்பப் போட்டார். பணம் பெற்றுக்கொண்டதற்கு ஒரு தாள் வந்தது. கார்மேகம் வழக்கம்போலப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"நஹி, நஹி" என்று அந்தப் பெண் அன்பாகவே சொல்லி, ஸ்டாம்ப் பேடைத் திறந்து அவர் பக்கம் தள்ளினார். "இனிமேல் இவருக்கு இதுதான். கையெழுத்து செல்லாது."

கார்மேகம் பேனாவை மூடினார். எந்த விரல் என்று கேட்டு, அந்த விரலை வைத்தார். அம்மையப்பன் பக்கத்தில் நின்றுகொண்டு, தண்ணீர் மெஷின் இருந்த பக்கமாகப் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

வெளியே வந்ததும் கார்மேகம், "பரவால்ல மாப்ள. காசு வந்துருச்சுல்ல. புள்ள பரீட்ச எழுதிரும்" என்றார். விரலைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டே வந்தார். அம்மையப்பன் பஸ்ஸில் ஏறி வண்டியை எடுத்தார். கேம்ப் வரைக்கும் ஹாரன்கூட அடிக்கவில்லை.

கார்மேகம் இறங்கிப் போன பிறகு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி என்னிடம் பேசினார். அத்தனை தாழ்ந்த குரல் அவருக்கு உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"அவன் மகளுக்கே தெரியாது சார். அது போடுற லெட்டரெல்லாம் நாந்தான் படிச்சுக் காட்டுவேன். இந்த பஸ்ஸுக்குள்ளதான், கண்ணாடியெல்லாம் ஏத்திவிட்டு. ஆறு வருசமா ஒரு பயகிட்டச் சொன்னதில்ல சார். இன்னிக்கு செயிக்கணும்னு..." என்றவர், வாயை ஒருமுறை பொத்தி எடுத்தார். "அவன் நாலு வார்த்த வஞ்சிருந்தாக்கூடத் தேவலாம் சார்."

நானும் அங்கேதானே நின்றேன் என்று சொல்ல வாயெடுத்தேன். வீட்டுக்கடன் விளம்பரத்தைப் படித்துக்கொண்டிருந்தவன் என்ன ஆறுதல் சொல்வது? வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை மேஜை போட்டு உட்கார்ந்திருந்தேன். வரிசையில் ஒரு குசுகுசுப்பு ஓடிக்கொண்டிருந்தது. கார்மேகம் வந்தார். சட்டைப் பையில் பேனா இல்லை. நான் ஒன்றும் அறியாதவனைப்போல என் பேனாவை நீட்டினேன். இத்தனை வருஷமும் எழுத்து எழுத்தாக வரைந்த அந்தக் கையெழுத்தை அவர் வரைந்திருக்கலாம், என் பதிவேட்டில் அது செல்லும். அவர் பேனாவை வாங்கவில்லை. கைநாட்டு வைப்பவர்களுக்காக ஓரத்தில் இருந்த ஸ்டாம்ப் பேடைத் தானே இழுத்துத் திறந்து, விரலை வைத்துவிட்டு பஸ் பக்கம் நடந்தார். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

அடுத்து நின்றவர் அம்மையப்பன். வழக்கமாக அந்த நேரத்தில் "யல்லா, யல்லா" என்று வரிசையையே விரட்டிக்கொண்டிருப்பவர், அன்று தன் முறைக்குக் காத்து நின்று பேனாவை எடுத்தார். திரும்பி, சிரித்தவனை ஒருமுறை பார்த்தார். பிறகு பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டு, இடது கைப் பெருவிரலை மையில் அழுத்தி எடுத்து, பதிவேட்டில் தன் கட்டத்துக்குள், கோட்டைத் தாண்டாமல், கார்மேகத்தின் ரேகைக்குக் கீழே பதித்தார்.