தெருமுனையை அடைத்த வேலி

தெருவே அவரை வெல்டர் என்றுதான் கூப்பிட்டது. மனைவிகூடச் செல்லக் கோபத்தில் "என்னங்க வெல்டரே" என்பாள். அவள் ஒரு காலத்தில் படகுத்துறையில் டிக்கெட் கொடுத்தவள். வாயாடி. படகே போனாலும் போகட்டும் என்று அவளிடம் நின்று பேசியவர்கள் உண்டு. பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்த பிறகும் பேச்சு மட்டும் பிழைத்துக் கிடந்தது. கொஞ்சம் குழறும், அவ்வளவுதான்.

அவர்கள் தெரு நேராக ஆற்றில் போய் முடியும். ஆறு என்பது பேருக்குத்தான், ஓடியதெல்லாம் சாக்கடை. வெயில் ஏறினால் நாற்றம் வீட்டுக்குள் வந்து சட்டமாக உட்கார்ந்துகொள்ளும். தெருவில் யாராவது ஒருவருக்குக் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இல்லாத மாதமே கிடையாது. அதனால் கரையைச் சீர்படுத்தப் போகிறார்கள், சாக்கடையைத் திருப்பிவிட்டு நீளமாக நடைபாதை போட்டு மரமும் கடைகளும் வைக்கப் போகிறார்கள் என்றதும் தெருவுக்குத் தலைகால் புரியவில்லை. வெல்டர் மனைவிக்குக் கைகால் பயிற்சி கொடுக்க வரும் பெண், "நடைபாதை வரட்டும்க்கா, கம்பியப் பிடிச்சிக்கிட்டு நீங்களே நடப்பீங்க" என்று ஆசையைக் கிளப்பிவிட்டாள்.

கரையோரக் கம்பி வேலியைப் பற்றவைக்கும் வேலை வெல்டருக்கே கிடைத்தது. சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் கேட்கும் முதல் கேள்வி, "நம்ம தெருமுனைக்கு எப்போ வருவீங்க?"

தெருமுனைக்கு வந்த அன்றுதான் அவர் வரைபடத்தை உற்றுப் பார்த்தார். வேலி நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. மேற்பார்வை பார்த்த இன்ஜினியர் பெண்ணைத் தேடிப் போனார்.

"மேடம், இங்க வழி விடலையே. எங்க தெரு ஆளுங்க எப்படி உள்ள வர்றது?"

"பாலத்துக்கிட்ட பெரிய வாசல் இருக்குண்ணா."

"அதுக்கு மெயின் ரோட்டத் தாண்டணுமே! என் வீட்டுக்காரி சக்கர நாற்காலில இருக்கா."

அந்தப் பெண் கெட்டவள் இல்லை. முகம் சுருங்கிப்போயிற்று. "நானும் கேட்டுப் பார்த்துட்டேண்ணா. தெருவுக்குத் தெரு வழி விட்டா காவல் போட முடியாதாம். கடை எடுக்கிறவங்களும் வேண்டாங்கிறாங்க. அடுத்த கட்டத்துல கதவு வைக்கிறதா சொல்லியிருக்காங்க."

"அது எப்போ மேடம்?"

அவள் வரைபடத்தைச் சுருட்டத் தொடங்கினாள்.

வீட்டில் வந்து சொன்னார். மனைவி ஜன்னல் வழியாகத் தெருமுனையைப் பார்த்தாள். பிறகு, "நீங்க அடைக்கலன்னா இன்னொருத்தர் வந்து அடைப்பாரு. போய் வேலையப் பாருங்க" என்றாள்.

மறுநாள் அவர் அடைத்தார். முதுகுக்குப் பின்னால் தெரு ஆட்கள் கூடி நின்றார்கள். எதிர்வீட்டுத் தையல்காரர், "உங்க கையாலயே நம்ம தலையில மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே அண்ணே" என்றார். வெல்டர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவே இல்லை. வெல்டிங் கம்பி எரிந்து தீர்ந்த பிறகும் குனிந்தபடியே இருந்தார்.

நடைபாதை திறந்தது. பொய் சொல்லக் கூடாது, ஆறு சுத்தமாயிற்று. கொசு ஒழிந்தது, காய்ச்சல் குறைந்தது. எங்கிருந்தெல்லாமோ ஜனங்கள் காரில் வந்து நடந்தார்கள். வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றினார்கள். தையல்காரர் தையல் மெஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர்க்கோடிக்குப் போனார். போகும்போது வெல்டரிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வெல்டர் பிடிவாதமாக மனைவியைக் கிளப்பினார். அவளும் நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டாள். மெயின் ரோட்டில் சிக்னல் கிடையாது. நடுத்திட்டில் நாற்காலியைத் தூக்கி வைக்கும்போது சக்கரம் சிக்கிக்கொண்டது. லாரிக்காரன் பிரேக்கை மிதித்து வாய்க்கு வந்தபடி திட்டினான். எப்படியோ போய்ச் சேர்ந்தார்கள். தண்ணீரைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. முன்பின் தெரியாத ஒரு அம்மாளிடம், "இந்த வேலி பூரா எங்க வீட்டுக்காரர் போட்டதுதான். என்னத் தவிர யாரும் அவர்கிட்ட குத்தம் கண்டுபிடிக்க முடியாது" என்று பெருமையடித்தாள்.

பிறகு அவளுக்கு அவசரமாயிற்று. கழிப்பறை பளபளவென்று இருந்தது. வாசலில் உயரமான படிகள். அவர் அவளைத் தூக்க முயன்றார். முடியவில்லை. உதவிக்கு ஆள் கூப்பிடுவதற்குள் புடவை நனைந்துவிட்டது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

வழி நெடுக அவள் புடவைத் தலைப்பால் மடியை மூடிக்கொண்டே வந்தாள். வீட்டு வாசலில், "இனிமே என்னக் கூட்டிட்டுப் போகாதீங்க" என்றாள்.

மறுநாள் பட்டப்பகலில் வெல்டர் அறுக்கும் மெஷினோடு தெருமுனைக்குப் போனார். நாற்காலி நுழையும் அகலத்துக்குக் கம்பிகளை அறுத்துத் தள்ளினார். ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து, வேண்டாம் வேண்டாம் என்றவளை நாற்காலியில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போனார். அதற்குள் காவலாளி இடைவெளியில் வந்து நின்றிருந்தான்.

"ஒரே ஒரு தடவை விடுப்பா."

"விட்டா என் வேலை போயிரும்ணே. கோவிச்சுக்காதீங்க."

"திரும்பிடலாங்க" என்றாள் அவள். "அவரு பொழப்பையும் ஏன் கெடுக்கணும்?"

அவரோடு தொழில் பழகிய கூட்டாளி ஒருவனே வந்து, தகடு வைத்து இடைவெளியை மூடிவிட்டுப் போனான். கான்ட்ராக்டர்கள் யாரும் அதற்குப் பிறகு வெல்டரைக் கூப்பிடவில்லை. அதைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். மனைவி பயிற்சிப் பெண்ணை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டதைத்தான் தாங்க முடியவில்லை. அவள் கால் நாளுக்கு நாள் விறைத்தது.

"எழுந்து ரெண்டு அடி நடந்து பாரேன்" என்று கெஞ்சுவார்.

"நடந்து எங்கங்க போகப் போறேன்?"

ஜன்னல் வழியாக வேலியும், வேலிக்கு அப்பால் நடந்துபோகிறவர்களும் தெரிந்தார்கள். ஒரு காலையில் அவள், "இந்தக் கட்டிலக் கொஞ்சம் திருப்பிப் போடுங்க" என்றாள்.

"எந்தப் பக்கம்?"

"சுவத்துப் பக்கம்."

அவர் கட்டிலின் ஒரு முனையைத் தூக்கி, அவள் உடம்பு குலுங்காமல், மெதுவாகத் திருப்பிப் போட்டார்.