பத்து டிகிரி மருதையன்

மருதையன் வாயைத் திறந்தால் வானத்தைப் பற்றித்தான் பேசுவார். பேசிவிட்டுப் போகட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் அதை ஒரு ஊரே உட்கார்ந்து கேட்டதே, அங்கேதான் வந்தது வினை.

குடவாசலிலிருந்து உள்ளே போகிற மினி பஸ் கடைசியாக நின்று திரும்பும் ஊர் அவருடையது. அவருடைய அப்பா ஊரார் வயலில் கூலிக்கு இறங்கியவர். மகன் மடிப்புக் கலையாத சட்டையோடு கும்பகோணத்துக்குப் பஸ் ஏறியபோது அந்தத் தெருவே வாசலில் நின்று பார்த்தது. அங்கே ஒரு கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் முப்பது வருஷம் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவி, துடைத்து, அடுக்கி வைத்துவிட்டு ஓய்வு பெற்றார். நல்ல வேலை, நாணயமான வேலை. அதைச் சொல்லிக்கொள்வதில் என்ன குறைச்சலோ தெரியவில்லை, எங்கே வேலை பார்த்தீர்கள் என்று யாராவது கேட்டால் குடுவையைப் பற்றி மூச்சு விடமாட்டார். "சயின்ஸ் டிபார்ட்மெண்ட்" என்று சொல்லிவிட்டுத் தொண்டையைச் செருமுவார்.

ஓய்வு பெற்றவருக்குப் பொழுது போகவேண்டுமே. வாட்ஸப்பில் ஒரு குரூப் தொடங்கி, 'வானிலை மருதையன்' என்று தன் பெயரையே அதற்கு வைத்துக்கொண்டார். தினமும் காலைக் காபி இறங்கியதும், "வணக்கம், பேசுவது வானிலை மருதையன்" என்று குரலைக் கனமாக்கிப் பதிவு செய்து அனுப்புவார். டிவிச் செய்தியில் கேட்டதில் கொஞ்சமும் எவனோ அனுப்பியதில் பாதியுமாகச் சேர்த்து, "மழைக்கு வாய்ப்பு இருக்கு, வறண்ட வானிலைக்கும் இடம் இருக்கு" என்று முடிப்பார். எது நடந்தாலும் அவர் சொன்னதுதான் நடக்கும். ஒரு தடவை ஊராட்சித் தலைவர் வீட்டுக் காதுகுத்துக்கு, பந்தல்மேல் தார்ப்பாய் போடச் சொன்னார். அன்றைக்கு மழை கொட்டியது. அது ஐப்பசி மாதம். ஐப்பசியில் மழை வரும் என்று சொல்ல எதற்கய்யா சயின்ஸ்? ஒருத்தரும் கேட்கவில்லை. அன்றிலிருந்து அவர் ஊருக்குப் பெரிய மனுஷன்.

இந்த அளவில் நின்றிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. பொங்கலுக்கு வந்த மகள் தமிழ்நிலா தன் பழைய போனை அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். அவளுக்குக் கோத்தகிரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. போனைத் தட்டினால் வானிலைப் பெட்டி ஒன்று தானாகத் திறந்தது. மேகம், மழைத்துளி, இரவு எத்தனை டிகிரி, பகல் எத்தனை டிகிரி என்று ஒரு வாரத்துக்கும் வரிசையாகப் படம் போட்டிருந்தது. மூலையில் பொடி எழுத்தில் இங்கிலீஷில் ஏதோ இருந்தது. அதைப் படிக்கக் கண்ணாடி போடவேண்டும். கண்ணாடியை எடுக்க உள்ளே போகவேண்டும். மருதையன் போகவில்லை.

மறுநாள் காலை குரூப்பில் அவர் குரல் என்றைக்கும் இல்லாத திடத்தோடு வந்தது. "இந்த வாரம் முழுக்க மழை. காலையில அடர்ந்த மூடுபனி. இரவு வெப்பநிலை பத்து டிகிரி. மறுபடியும் சொல்றேன், பத்து டிகிரி."

தை மாதத்து விடியலில் அந்தப் பக்கம் பனி இறங்குவது வழக்கம்தான். அன்றைக்கும் இறங்கியிருந்தது. எதிர் வீடு மங்கலாகத் தெரிந்ததும் ஜனங்களுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. "பாத்தியா, மூடுபனின்னாரு, வந்துடுச்சு" என்றார்கள். அப்புறம் குளிரத் தொடங்கியது பாருங்கள், அப்படி ஒரு குளிர்! நேற்றுவரை ஃபேன் போட்டுப் படுத்தவர்கள் பெட்டியைக் குடைந்து கம்பளி தேடினார்கள். குடவாசல் கடைவீதியில் குரங்குக் குல்லா விற்றுத் தீர்ந்தது. டீக்கடை முபாரக் சுக்குக் காபி என்று பலகை எழுதி மாட்டினார். "நெசமாவே பத்துதாங்க இருக்கும், எனக்கு ஒன்பதுன்னே படுது" என்று கையைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தவர்களுக்கு, பக்கத்தில் முபாரக் பனியனோடு வியர்த்துக்கொண்டு நின்றது கண்ணில் படவில்லை. முபாரக்குக்கே அது படவில்லை.

எல்லாரையும்விட அதிகமாகக் குளிர்ந்தது இராஜாங்கத்துக்கு. அவன் மருதையனின் மனைவி அம்சத்தின் கூடப் பிறந்த தம்பி. அத்தான் சொன்னால் அவனுக்கு மறு பேச்சு கிடையாது. குத்தகைக்கு ஒன்பது மா பயிர் வைத்திருந்தான், அதாவது மூன்று ஏக்கர். குறுவை தண்ணீரில்லாமல் கருகிப் போனது. அந்த வருஷத்துக்கு அவன் வீட்டு அடுப்பு எரிய இந்தச் சம்பா ஒன்றுதான். கதிர் முற்றித் தலை சாய்ந்து, இன்றைக்கா நாளைக்கா என்று நின்றது. ஒட்டினாற்போல அம்சத்தின் மூணு மா, அவளுக்குப் பிறந்த வீட்டில் கொடுத்தது.

அறுவடை மிஷின் ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து ஊரில் நின்றது. புதன்கிழமை இராஜாங்கத்தின் முறை. மிஷின் வரப்போரம் வந்ததும், குல்லாவை இழுத்துக் காதை மூடிக்கொண்டு அவன் குறுக்கே போய் நின்றான்.

"இன்னிக்கு வேணாம் தம்பி. மழை வருது. அறுத்த நெல்லு நனைஞ்சா கொள்முதல் நிலையத்துல ஈரம்னு தள்ளிடுவாங்க. மழை விட்டப்புறம் வா."

ஓட்டுகிறவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே பார்த்தான். "வெயிலு வெளுத்து வாங்குதேண்ணே?"

"அது உனக்குப் புரியாது. எங்க அத்தான் சயின்ஸ் டிபார்ட்மெண்ட்."

ஊரில் பாதிப் பேர் அப்படியே சொல்லித் திருப்பினார்கள். அம்சம் மட்டும் வாய்க்கால் மதகருகே நின்று கையைத் தட்டினாள். "தம்பி, இங்க வா. என் வயல்ல இறக்கு." மத்தியானத்துக்குள் அவள் நெல் டிராக்டரில் ஏறிப் போயே போய்விட்டது.

வீட்டுக்கு வந்த மருதையனுக்கு விஷயம் தெரிந்து முகம் கறுத்தது. "ஊருக்கே நான் ஒண்ணு சொல்றேன். நீ என் பொண்டாட்டி. நீயே அறுத்தா நாலு பேரு என்ன நினைப்பாங்க?"

"ஊருக்கு நீங்க சொன்னீங்க. எனக்கு வெயிலு சொல்லிச்சு" என்றாள் அம்சம். "நேத்து மொட்டை மாடியில வத்தல் போட்டேன், ஒரே நாள்ல சலசலன்னு காஞ்சுருச்சு. பத்து டிகிரியில வத்தல் காயுமா? காலேஜுல அதையெல்லாம் சொல்லித் தரலையா?"

மருதையன் விடவில்லை. மறுநாள் காலை, மேகம் உயரத்தில் திரள்கிறது, வெறும் கண்ணுக்குத் தெரியாது என்று குரூப்பில் ஒரு போடு போட்டார்.

ஆனால் அம்சத்தின் வெற்று வயல் எல்லார் கண்ணுக்கும் தெரிந்ததே! மழையும் காணோம், மிஷினும் அடுத்த ஊருக்குப் போய்விட்டது. டீக்கடையில் பேச்சு தடித்தது. நம்மையெல்லாம் மழை மழை என்று பயமுறுத்தி உட்கார வைத்துவிட்டு, தன் வீட்டு வயலை நைசாக அறுத்துக்கொண்டான் என்றார்கள். இராஜாங்கம் வாசலில் வந்து நின்றான், உள்ளே வரவில்லை. "எல்லாரையும் ஏமாத்துங்கத்தான், அது உங்க சாமர்த்தியம். என்னையுமா?" என்று கேட்டுவிட்டுப் போனான். போகும்போது இரண்டு தடவை தும்மினான்.

அன்று சாயங்காலம் தமிழ்நிலா போனில் கூப்பிட்டாள். "இங்க ஒரே மழைப்பா. குளிரு தாங்கல, ராத்திரி பத்து டிகிரிக்குப் போயிடுது."

"இங்கயும் அதேதாம்மா, பத்து" என்றார் மருதையன்.

அந்தப் பக்கம் அவள் சிரிக்கத் தொடங்கினாள். "குடவாசல்ல பத்து டிகிரியா? அப்பா, அந்த போன்ல ஊரை மாத்துனீங்களா இல்லையா? அதுல கோத்தகிரி இருக்கும்பா!"

மருதையன் கண்ணாடியை எடுத்துவந்து போட்டுப் பார்த்தார். மூலையில் பொடி எழுத்து கோத்தகிரி என்றுதான் சொன்னது. மகள் சொல்லச் சொல்ல, ஊரை மாற்றினார். மழைத்துளியெல்லாம் மறைந்து முப்பத்தோரு டிகிரி வெயில் வந்தது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் அடுத்த படங்களைப் பார்த்தார். வெள்ளி வெயில். சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் கனமழை. இது எந்த மலையிலும் இல்லை, இங்கே பெய்யப்போகிற மழை.

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இராஜாங்கத்தின் ஒன்பது மா கண் முன்னால் நின்றது. நாளை ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. மழை வரும், உடனே அறுங்கள் என்று சும்மா சொன்னால் எவன் நம்புவான்? ஊர் அவரைத் திருடன் என்கிறது. நம்ப வேண்டுமானால் தான் ஒரு முட்டாள் என்பதை அவரே வாயால் சொல்லியாகவேண்டும். திருடன் என்ற பெயரிலாவது ஒரு சாமர்த்தியம் இருந்தது. மருதையன் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அவரை எவ்வளவோ கிண்டல் செய்யலாம், ஆனால் அந்த நடை லேசான நடை இல்லை.

டீக்கடையில் இராஜாங்கம் இருந்தான், இன்னும் பத்துப் பேர் இருந்தார்கள். மருதையன் உட்காராமல் எல்லாவற்றையும் சொன்னார். மகள் கொடுத்த போன், கோத்தகிரி, போடாத கண்ணாடி, எதையும் விடவில்லை. "நான் பெரிய சயின்ஸும் இல்ல, ஒண்ணும் இல்ல. காலேஜுல குடுவை கழுவினவன். புத்தி கெட்டுப் போய்ச் சொல்லிட்டேன். இப்பச் சொல்றதுதான் நம்ம ஊரு மழை. மிஷின் அடுத்த ஊர்லதான் நிக்குது, விட்டா நாகப்பட்டினம் பக்கம் போயிடும். நாளைக்கே அறுத்துடுங்க."

முபாரக் பலகையைத் திரும்பிப் பார்த்தார். குல்லா போட்டவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்ப நாலு நாளா நாங்கல்லாம் எந்த ஊர் குளிருக்குங்க நடுங்குனோம்?" என்று கேட்டார் முபாரக்.

"எனக்கு ஜலதோஷம் புடிச்சு, கும்பகோணம் போயி ஊசி போட்டுக்கிட்டு வந்தேன்" என்று எழுந்தான் இராஜாங்கம். "அது கோத்தகிரி ஜலதோஷமா அத்தான்? மழைன்னு சொல்லி அறுக்காதேன்னீங்க. இப்ப மழைன்னு சொல்லி அறுங்கறீங்க. இதுல என்ன சூழ்ச்சி இருக்கோ!"

கடை முழுக்க ஆமாம் ஆமாம் என்றது. வேறென்ன சொல்லும்? மருதையன் சொன்னதை ஏற்றுக்கொண்டால் வெயிலில் கம்பளி போர்த்தியவர்கள் அத்தனை பேரும் அவரோடு சேர்ந்து முட்டாளாகவேண்டும். அதற்கு அவர் ஒருத்தர் அயோக்கியனாக இருப்பது எல்லாருக்கும் சௌகரியம்.

விடியற்காலையில் மருதையனே அடுத்த ஊருக்குப் போய்க் கெஞ்சி மிஷினைக் கூட்டி வந்தார். இராஜாங்கம் வரப்பில் கையை விரித்து மறித்தான். அம்சம் தம்பியின் சட்டையைப் பிடித்துக் கத்தினாள், "டேய், சொல்றதைக் கேளுடா, நாசமாப் போயிடும்டா." அறுத்து முடித்தவளுக்கு என்ன, எதுவும் பேசலாம் என்றான் அவன். மிஷின் திரும்பிப் போய்விட்டது.

சனிக்கிழமை கருக்கலில் பிடித்த மழை திங்கள்வரை விடவில்லை. திங்கள் காலை மருதையன் குடையோடு போய்ப் பார்த்தபோது ஒன்பது மாவும் பாயாகப் படுத்துக் கிடந்தது. கதிர்கள் தண்ணீருக்குள் இருந்தன. பல மணிகளில் வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது. இராஜாங்கம் முழங்கால் தண்ணீரில் நின்று, படுத்த பயிரைத் தூக்கித் தூக்கிக் கட்டிக்கொண்டிருந்தான். கரையில் ஊரார் சிலர் தார்ப்பாயைத் தலைக்கு மேல் பிடித்து நின்றார்கள். என்ன சொல்லித் திட்டினாலும் வாங்கிக்கொள்வது என்று மருதையன் வரப்பில் நின்றார்.

இராஜாங்கம் நிமிர்ந்தான். கண் சிவந்திருந்தது. "அத்தான், உங்களைத் தப்பாப் பேசிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க."

"என்ன மாப்ள சொல்றே?"

"மழைன்னு சொன்னீங்க, வந்துருச்சுல்ல? ரெண்டு நாளு முன்னப் பின்ன ஆச்சு, அவ்வளவுதான். மழை வரும்னு நல்லாத் தெரிஞ்சதாலதானே அக்கா வயலை அறுத்தீங்க. எனக்குத்தான் அப்ப வெளங்கல."

கரையில் நின்றவர்கள் தலையை ஆட்டினார்கள். "என்ன இருந்தாலும் படிச்ச மனுஷன்" என்று ஒருவர் சொன்னார். இராஜாங்கம் ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால்கூட மருதையன் தாங்கியிருப்பார். "அய்யோ மாப்ள, அது கோத்தகிரி மழைடா. எனக்கு ஒரு மண்ணும் தெரியாதுடா" என்றார்.

"படிச்சவங்களுக்கே உள்ள அடக்கம்" என்று இராஜாங்கம் கரையைப் பார்த்துச் சொன்னான். முளைவிட்ட கதிர்க்கட்டை வரப்பில் வைத்துவிட்டு, சேற்றுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு அருகே வந்தான். "மழை என்னிக்கு விடும்னு பாத்தீங்களா? அன்னிக்கே மிஷினைக் கூப்பிட்டுடுறேன்."

அந்த வயலில் இனி மிஷினுக்கு என்ன வேலை? மருதையன் குடையை மடக்கிக் கீழே போட்டார். "எனக்குத் தெரியாது மாப்ள."

இராஜாங்கம் கரையை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, அவர் காதருகே குனிந்து குரலைத் தாழ்த்தினான். "புரியுதத்தான். இத்தனை பேரு முன்னாடி சொல்ல வேணாம். சாயங்காலம் வீட்டுக்கு வர்றேன், எனக்கு மட்டும் சொல்லுங்க."