எட்டு மணி ரத்தமும் சம்பந்தியம்மா பொடியும்

ரத்தம் எடுக்கிற வேலையில ஊசி குத்துறது சுலபமுங்க, கேட்ட கேள்விக்குப் பதில் வாங்குறதுதான் பெரும்பாடு. கருமத்தம்பட்டியில லேப் டெக்னீசியனா பத்து வருசமா குப்பை கொட்டுறேன். கவுண்டர்ல பேசிப் பேசியே தொண்டை வத்துனவங்களுக்கு என் கஷ்டம் புரியும்.

எட்டு மணி

கார்டிசால்னு ஒரு ஹார்மோன். சிறுநீரகத்துக்கு மேல இருக்கிற அட்ரினல் சுரப்பி அதை விடியக்காலையில நிறையச் சுரக்கும், பொழுது சாயச் சாயக் குறைச்சுக்கும். அதனால காலை எட்டு மணிக்கு வாங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லுவேன். பல்லடத்துக் கோழிப்பண்ணைக்காரர் ஒருத்தர் சாயங்காலம் நாலு மணிக்கு வந்து கையை நீட்டினார். முடியாதுன்னேன்.

"ஏனுங்க அம்மணி, காலையில ஓடுனதும் இதே ரத்தந்தானுங்களே?"

மெஷின் மேல பழி

தறி ஓட்டுற சரசாக்காவுக்குப் பித்தப்பை ஆபரேசன் வர்ற வாரம். முகம் பூரியாட்டம் உப்பிக் கிடந்ததால டாக்டரம்மா கார்டிசால் பார்க்கச் சொன்னாங்க. கார்டிசால் கூடினா முகம் இப்படி உப்பும், அதனால எக்கச்சக்கமா இருக்கும்னு நெனச்சோம். வந்ததோ அடிமட்டம். மறுநாள் எட்டு மணிக்கு மறுபடி எடுத்தேன், அதே கதை. டாக்டரம்மா போன்ல சொன்னாங்க:

"உங்க மெஷினை முதல்ல கவனிங்க."

பொடி

எனக்குச் சுருக்குன்னு ஆயிப்போச்சு. மெஷின் நல்லாத்தான் இருந்தது. அப்படின்னா கார்டிசாலாட்டமே வேலை செய்யுற ஸ்டீராய்டு மருந்து வெளியிலிருந்து உள்ளே போகுது. அது போகப் போக, சுரப்பி தன் வேலையை நிறுத்திப்போடும். அந்த வெளிச்சரக்கு எங்க டெஸ்ட்ல தெரியாமலும் போகலாம்.

மருந்து ஏதாச்சும் சாப்பிடுறீங்களான்னு மூணு தடவை கேட்டேன். இல்லவே இல்லைன்னாங்க. மூட்டு வலிக்குக்கூடவான்னு கேட்டதுந்தான் பொட்டலம் வெளிய வந்தது. மகளோட மாமியார் அந்தியூர்லயிருந்து அனுப்புற பொடி, ஒரு வருசமா தினமும். ஆபரேசனுக்காக நாளையோட நிறுத்தப் போறாங்களாம். அப்படி நிறுத்திட்டு மேசையில படுத்தா, சுரப்பி கைவிரிச்சு, பிரஷர் இறங்கி, உசுருக்கே ஆபத்து. பதறியடிச்சு டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். ஏக்கா முதல்லயே சொல்லலைன்னு கேட்டேன்.

"சம்பந்தியம்மா குடுத்ததை மருந்துன்னு சொன்னா, அவங்க மனசு சங்கடப்படுமுங்களே."

நார்மல்

பொடியில ஸ்டீராய்டு கலந்திருந்தது டெஸ்ட்ல உறுதியாச்சு. டாக்டரம்மா ஆபரேசனைத் தள்ளிவெச்சு, அளவா மாத்திரை குடுத்து, மாசக்கணக்கா கொஞ்சங்கொஞ்சமாக் குறைச்சாங்க. ஒருநாள் எட்டு மணி ரத்தத்துல கார்டிசால் நார்மல். சுரப்பி எந்திரிச்சிருச்சு. ரிப்போர்ட்டைத் தூக்கிக்கிட்டு லேப் முழுக்கக் காட்டினேன், அவ்வளவு சந்தோசம். ஆபரேசனும் நல்லபடியா முடிஞ்சது.

அடுத்த மாசம் காலையில சரசாக்கா, முகமெல்லாம் வத்தி, ஒரு அம்மாவைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தாங்க. அந்த அம்மா முகம் உப்பியிருந்தது.

"சம்பந்தியம்மாவும் அதே பொடிதானுங்க. சங்கடப்பட்டாப் பட்டுட்டுப் போறாங்க, ரத்தத்தை எடுங்க."

இப்பெல்லாம் மருந்து சாப்பிடுறீங்களான்னு கேக்கறதை விட்டுப்போட்டு, சொந்தக்காரங்க என்னென்ன குடுத்தாங்கன்னு கேக்கறேன், எழுதறதுக்குச் சீட்டு பத்த மாட்டேங்குது.