ராயபுரத்துக் கடலில் ஒரு கோழி

நான் ராயபுரத்துக்கு வாழ வந்த முதல் வாரத்தில், எதிர்வீட்டுப் பெண் தினமும் காலையில் வாசலில் நின்று, "நாஸ்டா ஆச்சா?" என்று கேட்பாள். மிளகாய், புளி மண்டிக்காரர் வீட்டுக்குப் புதிதாக வந்தவளிடம் விடிந்ததும் விடியாததுமாக 'நஷ்டம் ஆச்சா' என்று கேட்டால் யாருக்குத்தான் பொறுக்கும்? மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். நாலாம் நாள், "எங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்ல. ஆண்டவர் புண்ணியத்துல யாவாரம் நல்லாத்தான் நடக்கு" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டேன். சாயந்திரம் விஷயம் தெரிந்து என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஏட்டி, காலைப் பலகாரம் ஆச்சான்னு அன்பாக் கேட்டுருக்கா. அதுக்கா சண்டைக்குப் போன?"

ஊரில் இருக்கும் அக்காமார்களே, என்னைப் போல மூட்டையோடு மூட்டையாக ரயிலேறிப் பட்டணம் வந்தவர்களே, இதுவும் தமிழ்நாடுதான் என்று நம்பித்தான் நானும் வந்தேன். இங்கே வீடு வூடாகிவிட்டது. 'இருக்கு' என்பது 'கீது' ஆகிவிட்டது. உட்காரச் சொன்னால் 'குந்து' என்கிறார்கள். என் திருநெல்வேலித் தமிழைக் கேட்ட அவர்களோ, "இன்னா மலையாளமா?" என்று மரியாதையாக விசாரித்தார்கள். அதனால் முதல் ஆறு மாதம் நான் அதிகம் வாயே திறக்கவில்லை.

மண்டிக்கு மேலே இரண்டு அறையில் குடித்தனம். கீழே மூட்டை அசைந்தால் மேலே எனக்குத் தும்மல் வரும். அவர் விடியும் முன்பே இறங்கிப் போய்விடுவார். சோறு வடித்துக் குழம்பை இறக்கிவிட்டால் மிச்ச நாள் முழுதும் நீளமாகக் கிடக்கும். ஒருநாள் மூட்டை வாய் தைக்கும் கோணி ஊசி ஒன்றை எடுத்து, கிழிந்த சேலைக் கரையிலிருந்து நூல் உருவி, பழைய சாக்கு ஒன்றில் சும்மா நாலு இலை போட்டேன். மறுநாள் அதன் பக்கத்தில் ஒரு பூ. தினமும் அரைமணி நேரம், அவ்வளவுதான். ஆனால் அந்த அரைமணிக்காக மற்ற வேலைகளைச் சிடுசிடுப்பில்லாமல் முடிப்பதை நானே கவனித்தேன். என் வீட்டுக்காரரும் கவனித்தார். "மூட்டைக்குப் பூப் போட்டா மொளகா ஒறைப்புக் கூடுமாக்கும்?" என்று கேட்டுவிட்டு, நல்ல சாக்காகப் பார்த்து இரண்டை மேலே அனுப்பிவைத்தார்.

தையல் எனக்கு மிஷன் பள்ளிக்கூடத்தில் வந்தது. அங்கே ஒரு துரைசாணி அம்மாள் இருந்தார். எங்கள் கைக்குட்டைகளில் ரோஸ் பூவைத் தவிர எதையும் அனுமதிக்க மாட்டார். அந்தச் செம்மண் காட்டில் நாங்கள் யாரும் ரோஸைக் கண்ணால் கண்டதில்லை. பள்ளிக்கூடத்து மதில்மேல் தினமும் வந்து நின்ற மயிலைத்தான் நான் கண்டிருந்தேன், அதையே போட்டேன். அம்மாள் கைக்குட்டையைத் தூக்கிப் பார்த்து, "நோ, நோ" என்றார். எல்லார் முன்னாலும் உட்கார்ந்து பிரித்தேன். நூல் போய்விட்டது, மயில் நின்ற இடத்தில் ஊசி ஓட்டைகள் மட்டும் அப்படியே இருந்தன. அப்புறம் ஊரை விட்டு வரும் வரைக்கும் ரோஸ்தான் போட்டேன்.

நாஸ்டா விசாரித்த எதிர்வீட்டுப் பெண்ணின் பெயர் அஞ்சலை. மீன் விற்பவள். புருஷன் ஏழுமலை கட்டுமரத்தில் கடலுக்குப் போகிறவன். என் சாக்குப் பூக்களைப் பார்த்துவிட்டு ஒருநாள் மேலே ஏறி வந்தாள். "யம்மா, பாயி கீஞ்சி பூட்சி. தச்சிக் குடேன்."

"பாயை யாராவது தைப்பாகளா? புதுப் பாய் வாங்கிப் படுங்க" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு இறங்கிப் போனாள். திரும்பி வந்தபோது இரண்டு பேர் சுமந்துகொண்டு வந்தார்கள், மரப்பட்டைச் சாயம் ஏறிக் காவி நிறமான ஒரு பெரிய துணியை. விரித்தால் என் இரண்டு அறையும் போதவில்லை. கட்டுமரத்தில் காற்றுக்குக் கட்டும் பாய்! நடுவே முறம் அளவுக்குக் கிழிசல்.

வெறும் ஒட்டுப் போட்டிருந்தால் ஒரு மத்தியானத்தில் முடிந்திருக்கும். கையில் மாவு மூட்டையின் வெள்ளைத் துணி இருந்தது, முறம் அளவு இடம் இருந்தது, என்னைத் தடுக்க யாரும் இல்லை. தோகை விரித்த மயிலாகவே வெட்டி, ஓரம் மடித்து, நாலு நாள் தைத்தேன். இவ்வளவு பெரிதாக நான் எதையும் செய்ததில்லை.

ஏழுமலை வந்து பார்த்தான். "இன்னாமே இது? பாயில கோயி குந்திகினு கீது?"

"கோழியில்ல, மயிலு" என்றேன்.

"கொண்டையப் பாத்தா கோயி மாரிதான் கீது. கடலாண்ட அத்தினி பேரும் சிரிப்பானுங்கோ. பிரிச்சிடும்மா."

எனக்குக் காது சூடேறியது. "பிரிக்க மாட்டேன்" என்று சொன்னேன். சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம். பட்டணம் வந்து நான் இவ்வளவு உரக்கப் பேசியது அதுதான் முதல் தடவை.

அஞ்சலை குறுக்கே வந்தாள். "வேற பாயி கீதா உன்னாண்ட? நாளிக்கிக் கடலுக்குப் போவலன்னா வூட்லயே குந்திகினு நீயே முட்ட வையி."

அவன் போனான். மற்ற மரத்துக்காரர்கள் அவனைப் பார்க்கும்போதெல்லாம் கொக்கரக்கோ என்று கூவினார்களாம். ஒரு மாதம் அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் மட்டும் சாப்பிடும்போது, "கோழிக் குழம்பு உண்டா?" என்று கேட்டு மானத்தை வாங்கினார்.

ஐப்பசியில் ஒருநாள் முற்பகலில் திடீரென்று காற்று மாறியது. வானம் கரியாகிவிட்டது. தெருவில் பெண்கள் தலைவிரிகோலமாகக் கடற்கரைக்கு ஓடினார்கள், அஞ்சலையும் ஓடினாள். இரண்டு தெரு தள்ளியிருந்த கடலை நான் அதுவரை கிட்டப் போய்ப் பார்த்ததில்லை. அன்று நானும் ஓடினேன். தூரத்தில் நாலைந்து பாய்கள் அலைக்கு மேலும் கீழுமாகத் தெரிந்தன. எல்லாம் ஒரே காவி. குப்பம்மா என்பவள் ஒன்றைக் காட்டி, "எங்க ஊட்டுக்காரு! எங்க ஊட்டுக்காரு!" என்று இடுப்பளவு தண்ணீரில் ஓடினாள். மரம் கிட்டே வந்தது. அதில் வேறு ஆள். அவள் அந்தத் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டாள். அந்த முகத்தை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

அஞ்சலை என் பக்கத்தில் வந்து நின்றாள். என் கையைப் பிடித்திருந்தாள், நகம் பதிந்துவிட்டது. அப்போது வெகு தூரத்தில், ஒரு பாயின் நடுவே, வெள்ளையாக ஏதோ தெரிந்தது. கரையிலிருந்து பார்த்தால் சத்தியமாக அது மயில் இல்லை.

"கோழி!" என்று கத்தினேன். "அஞ்சலை, நம்ம கோழி! கோழி வருது!"

கரையே சேர்ந்து கத்தியது. ஏழுமலை வந்து இறங்கினான். நடுங்கிக்கொண்டிருந்தவன் என்னைப் பார்த்ததும், "கோயி வாலு பிஞ்சி பூட்சிம்மா. தச்சிக் குடு" என்றான். அஞ்சலை சிரித்தாளா அழுதாளா என்று யாருக்கும் தெரியாது. குப்பம்மாவின் புருஷனும், காற்றில் பாயைப் பறிகொடுத்துத் திருவொற்றியூர்ப் பக்கம் கரையேறி, பொழுது சாய்வதற்குள் நடந்தே வந்து சேர்ந்தான்.

அடுத்த வாரம் முதல் ஆளாக வந்தவள் குப்பம்மா. புதுப் பாயைக் கீழே போட்டு, "எனுக்குத் தாமர போட்டுக் குடும்மா. பெர்சா" என்றாள். அப்புறம் ஆனை வந்தது, சூலம் வந்தது, ஒருத்தி பூசணிக்காய் கேட்டாள். நான் போட்ட ஆனையை எல்லோரும் எலி என்றார்கள். நான் வாதாடவில்லை. தூரத்தில் தெரிந்தால் போதும் என்று அவர்களும், போட்டால் போதும் என்று நானும் ஒப்புக்கொண்டோம்.

வருகிற தைமாதம் ஊரில் என் தங்கைக்குக் கல்யாணம். மணமக்களுக்கு விரிப்பு ஒன்று தைக்கிறேன். ஒரு கோடியில் எங்கள் ஊர்ப் பனைகள் எழும்பிவிட்டன. மறு கோடியில் அலைகளும் முடிந்துவிட்டன. ஊருக்கும் பட்டணத்துக்கும் நடுவே ஒரு முழம் வெறும் துணி கிடக்கிறது. இரண்டு பக்கத்திலிருந்தும் தைத்துப் பார்த்தேன். இரண்டு தடவையும் ஊசி பாதியில் நின்றுவிட்டது. அப்படியே மடித்து அனுப்பிவிடலாம் என்றிருக்கிறேன்.