நிஷாந்தினி போட்ட கறுப்பு போடர்

பசறை பஸ் நிலையத்துக்கு எதிரே றவூப் நானா ஒரு ஸ்டூடியோ வைத்திருந்தார். படம் பிடிப்பது அவர், மற்றதெல்லாம் நிஷாந்தினி. ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், மேல் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து இறங்கி வந்து வேலை கேட்டவள். 2002இல் நானா ஒரு பழைய கம்பியூட்டரும் பிரிண்டரும் வாங்கிப் போட்டபோது, அதைத் தொடப் பயப்படாத ஒரே ஆளும் அவள்தான்.

படம் வரைய அதில் பெயின்ட் என்ற புரோகிராம் மட்டும்தான் இருந்தது. மவுஸைப் பிடித்து ஒரு பூ வரைந்தாள். அது பூவாகத் தெரிய ஒரு கிழமை ஆனது. பிறகு அதையே பிரதி எடுத்து, ஒட்டி, மறுபடி ஒட்டி, போட்டோவைச் சுற்றிச் சேலைக்கரை மாதிரி போடராய் ஓட்டினாள். மூலைக்கு வரும்போது கடைசிப் பூ பாதியாய் அறுபடும். அதை மறைக்க மூலைக்கொரு மயில் வரைந்தாள்.

"கோழி நல்லாருக்கு புள்ள," என்றார்கள் பார்த்தவர்கள். முதலில் சொன்னவரோடு, அது மயில் என்று சண்டையே பிடித்தாள். பிறகு அலுத்துப்போய், "ஆமாங்க, கோழிதான்," என்றுவிட்டாள். சடங்கு, கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் கோழி போடர் கேட்டு ஆட்கள் வந்தார்கள்.

ஒருநாள், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற தோட்டத்துக் கங்காணி ரெங்கசாமி வந்தார். ஸ்டூடியோவில் இருந்த கோட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு ஏற்கெனவே நானாவிடம் படம் எடுத்திருந்தவர்.

"கோழியெல்லாம் வேணாம். ரெண்டு பக்கமும் குத்துவிளக்கு போடு. சாமிபடம் மாதிரி இருக்கணும்."

கொஸ்லந்தையில் இருக்கும் தங்கச்சி பெரியாயிக்கு அதை அனுப்புவதுதான் அவர் திட்டம். அவள் வீட்டு விசேஷத்தில் ஆட்டுக்கறியில் உப்பில்லை என்று இவர் பந்தியிலேயே சொல்லப்போய், அண்ணனுக்கும் தங்கைக்கும் பல வருடமாகப் பேச்சில்லை. "நான் கோட்டு போட்டு எப்படி இருக்கேன்னு அவ பாக்கட்டும்," என்றார்.

அன்று பார்த்து பிரிண்டரில் கலர் மை தீர்ந்திருந்தது. வாங்கிவர நானா பதுளைக்குப் போயிருந்தார்.

"நாளைக்கு வாங்க மாமா."

"கொஸ்லந்த லொறி கெளம்பப் போவுது. கறுப்புலயே அடிச்சுக் குடு."

அடித்துக் கொடுத்தாள். கறுப்புக் கரை, கறுப்பு விளக்கு, நடுவில் சிரிக்காத முகம். விளக்கின் திரி கோணலாகிவிட்டதே என்பதுதான் அவள் கவலை.

மறுநாள் காலை ரெங்கசாமியின் லயத்துக்குக் கீழே ஒரு வேன் வந்து நின்றது. "ஐயோ, எங்கண்ணே!" என்று மாரடித்துக்கொண்டே பெரியாயி இறங்கினாள். பின்னால் வேன் நிறைய சொந்தக்காரர். ரெங்கசாமி கதவோரம் உட்கார்ந்து ரொட்டியைச் சம்பலில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார்.

பெரியாயி அப்படியே நின்றாள். "நீ சாகலையா?"

"நான் ஏன் சாகணும்?"

"அப்ப இது என்னா?" படத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

அவர் அப்போதுதான் அதை ஒழுங்காகப் பார்த்தார். மரண அறிவித்தலுக்குக்கூட அவ்வளவு தடித்த கறுப்பு போடமாட்டார்கள். சிரிப்பு முட்டி ரொட்டி புரையேறியது. பெரியாயி ஓடிப்போய் உச்சியில் தட்டினாள். வருடக்கணக்கான கோபத்தையும் சேர்த்தே தட்டினாள். பிறகு அண்ணன் தோளில் சாய்ந்து அழுதாள். அழ வந்தவர்களுக்கெல்லாம் மத்தியானம் சோறு போட வேண்டியதாயிற்று.

சாயங்காலம் அண்ணனும் தங்கையும் ஸ்டூடியோவுக்கே வந்துவிட்டார்கள். நிஷாந்தினி படக்கென்று திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்தாள். பெரியாயி விலக்கிப் பார்த்து, "வெளிய வா புள்ள. எனக்கும் இதே மாதிரி ஒன்னு அடிச்சுக் குடு. எங்க நாத்தனாவுக்கு அனுப்பணும். அவளும் என்னோட பேசுறதில்ல," என்றாள்.

"ஐயய்யோ, முடியாதுங்க!" என்றாள் நிஷாந்தினி. அதற்குப் பிறகு, யார் படம் கொண்டுவந்தாலும், "ஆள் நல்லா இருக்காங்களா?" என்று விசாரித்துவிட்டுத்தான் மவுஸைத் தொட்டாள்.

அன்று வேனை ஓட்டிவந்தவன் பெரியாயியின் மகன் ஜீவன். அடுத்த கிழமை, பாஸ்போட் படம் எடுக்கவென்று கொஸ்லந்தையிலிருந்து வந்தான். அதற்கடுத்த கிழமையும் வந்தான். மழையில் பாதை சரிந்து கிடந்தபோதும், சுற்றிக்கொண்டு வந்தான்.

றவூப் நானா ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டார்: "தம்பி, இவ்வளவு படத்தையும் வச்சிக்கிட்டு எந்த நாட்டுக்குத்தான் போகப் போறீங்க?"

நிஷாந்தினிதான் கம்பியூட்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அவரு எங்கயும் போகலங்க நானா," என்றாள்.